அரைக்கால் மைலும் 200 மீட்டரும்

டீச்சர் பதில்கள்: காரைக்குடி வட்டாரத்தில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஓட்டப் பந்தயம் 100, 200, 400, 800 என்று இரண்டு இரண்டு மடங்காகப் போகிறது. அடுத்து 1600 தானே வர வேண்டும்? ஏன் 1500 வருகிறது? இந்தத் தூரங்களை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்? எங்கள் பி.டி. சாரிடம் கேட்டேன். "ரூல் அப்படித்தான்மா" என்று சொல்லிவிட்டார்.
– மாணவி, புதுவயல்

பதில்: இரட்டிப்பதைக் கவனித்தாய் பார் ஆத்தா, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இந்த எண்கள் மீட்டரில் பிறந்தவை இல்லை. கெஜத்தில் பிறந்தவை.

கெஜம் என்றால் உனக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் வீட்டு ஆச்சி பெட்டியில் வைத்திருக்கும் கண்டாங்கிச் சேலையைக் காட்டி எவ்வளவு நீளம் என்று கேட்டால் கெஜக் கணக்கில்தான் சொல்வார்கள். 3 அடி ஒரு கெஜம். இங்கிலாந்துக்காரர்கள் வயலையும் சாலையையும் இந்தக் கெஜத்தில்தான் அளந்தார்கள். 220 கெஜம் ஒரு பர்லாங். 8 பர்லாங் ஒரு மைல். என் சின்ன வயதில் சாலையோரம் ஒரு மைல் கல்லுக்கும் அடுத்த மைல் கல்லுக்கும் நடுவே குட்டிக் குட்டியாகப் பர்லாங் கல் நட்டிருக்கும். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை யார் முதலில் ஓடுவது என்று பந்தயம் வைப்போம். அந்த ஓட்டம் கிட்டத்தட்ட இன்றைய 200 மீட்டர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது நம் பழைய கணக்கு வாய்பாட்டை நினைத்துப் பார். முழுசு, அரை, கால், அரைக்கால். மைலை அப்படியே உடைத்துக்கொண்டு வா. ஒரு மைல் 1760 கெஜம். அரை மைல் 880 கெஜம். கால் மைல் 440 கெஜம். அரைக்கால் மைல் 220 கெஜம், அதாவது ஒரு பர்லாங். இங்கிலாந்தில் பந்தயம் ஓடியவர்கள் இந்தத் தூரங்களைத்தான் ஓடினார்கள். அவர்களுடைய குறுகிய ஓட்டம் 100 கெஜம்.

பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரைக் கொண்டுவந்தவர்கள். 1896இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது அந்தப் போட்டியை முன்னின்று எழுப்பிய பியர் தெ குபர்த்தென் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆகவே தூரங்கள் மீட்டரில் வந்தன. ஆனால் ஓடிப் பழகிய தூரத்தை யாராலும் ஒரே நாளில் விட முடியாதே. 440 கெஜம் என்பது 402.34 மீட்டர், அது 400 ஆனது. 880 கெஜம் 804.67 மீட்டர், அது 800 ஆனது. 220 கெஜம் 201.17 மீட்டர், அது 200 ஆகி 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பழைய சட்டையைப் பிரித்துப் புது அளவுக்குத் தைத்த மாதிரிதான்.

சரி, மைல்? அது 1609.34 மீட்டர். நீ கேட்கிற மாதிரி 1600 ஆகியிருக்க வேண்டும். அங்கேதான் பிரெஞ்சு மைதானம் குறுக்கே வந்தது. அங்கே அந்தக் காலத்தில் 500 மீட்டர் சுற்றுள்ள பாதைகள் இருந்தன. மூன்று சுற்று ஓடினால் 1500. தடகள வரலாறு எழுதியவர்கள் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆக 800 வரைக்கும் உன் எண்களை ஆங்கிலேயனின் கெஜமும் மைலும் தந்தன, 1500ஐ பிரெஞ்சுக்காரனின் மைதானம் தந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறோம். அதனால்தான் உனக்குக் கணக்கு இடிக்கிறது. இன்றைய 400 மீட்டர் பாதையில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. அதனால்தான் அந்த ஓட்டத்தில் முடிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் எதிர்ப்பக்க நேர்பாதை தொடங்கும் இடத்தில் போய் நிற்கிறாய்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 400 மீட்டர் சுற்றுப்பாதை வந்த பிறகுதான் 400 மீட்டர் ஓட்டம் வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முறை நேர்மாறானது. 1896இல் ஏதென்ஸ் பாதை ஒரு சுற்று 333 மீட்டர் சொச்சம். 1908இல் லண்டனில் மூன்று சுற்றுக்கு ஒரு மைல். 1912இல் ஸ்டாக்ஹோமில் 383 மீட்டர். 1924இல் பாரிஸில் 500. 1928இல் ஆம்ஸ்டர்டாமில்தான் 400 மீட்டர் பாதை வந்து, அதன் பிறகு அதுவே நிலைத்தது. ஓட்டம் முதலில் வந்தது, பாதை அதற்கேற்றபடி பிறகு வளைந்தது.

மில்கா சிங் பெயரைக் கேட்டிருப்பாய். 1958இல் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அவர் தங்கம் வாங்கியது 440 கெஜ ஓட்டத்தில். இரண்டு வருடம் கழித்து ரோம் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது 400 மீட்டரில். ஓடிய கால்கள் அதே கால்கள்தான், அளவுகோல்தான் இரண்டு. காமன்வெல்த் போட்டி மீட்டருக்கு மாறியது 1970இல்தான். 1976 முதல் கெஜ ஓட்டங்களுக்கு உலக சாதனை எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை, மைலை. 1954 மே 6ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில், அதாவது முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள், ஒரு மைலை ஓடி முடித்ததை ஓட்டம் தெரிந்தவர்கள் எப்படி மறப்பார்கள்?

உன் பி.டி. சார் மீது குறை நினைக்காதே. இதையெல்லாம் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் பிறகு தேடித் தேடிப் படித்ததுதான்.

கேள்வி: எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். நோட்டீஸில் இன்னமும் "பெரிய மாடு போய்வர 8 மைல், சின்ன மாடு 6 மைல்" என்றுதான் போடுகிறோம். கிலோமீட்டர் வந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் மாறவில்லை? மாற்ற வேண்டுமா?
– வண்டி ஓட்டும் ஒரு வாசகர், கல்லல்

பதில்: தம்பி, போன கேள்விக்கு எழுதும்போதே உங்கள் கடிதமும் கையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துவிட்டது.

பர்லாங் என்கிற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் "உழவுசால் நீளம்" என்று பொருள். ஏரில் பூட்டிய மாடு நிலத்தின் ஒரு தலையில் தொடங்கி மறு தலைவரைக்கும் இழுத்துப் போகும் சால். அதற்கு மேல் இழுத்தால் மாடு களைத்துப்போகும், திருப்பி நிறுத்தி இளைப்பாற விடுவார்கள். அந்தச் சால் 220 கெஜமாக, 660 அடியாக நிலைத்தது. மைல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரோமாபுரிப் படைவீரர்கள் வலது கால் வைத்து மறுபடி வலது கால் வைக்கும் வரையுள்ள எட்டை ஒன்றாக எண்ணி, அப்படி ஆயிரம் எட்டு வைத்தால் ஒரு மைல் என்றார்கள். 'மில்லே' என்றால் ஆயிரம். அது அவர்கள் கணக்கில் 5000 அடி. இங்கிலாந்தில் உழவுசாலும் வேண்டும், மைலும் வேண்டும், இரண்டும் பொருந்தவில்லை. 1593இல் சட்டம் போட்டு மைலை 8 பர்லாங்குக்கு, அதாவது 5280 அடிக்கு நீட்டினார்கள். மனிதனின் நடை மாட்டின் சாலுக்கு விட்டுக்கொடுத்தது.

ஆக, உங்கள் நோட்டீஸில் இருக்கும் மைல் மாட்டின் கணக்கு. அதில் ஓடுவதும் மாடு. இதில் மாற்ற என்ன இருக்கிறது?

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் கூட்டத்தோடு கூட்டமாக நான் நின்றிருக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் தொடங்கும் இடமும் இல்லை, முடியும் இடமும் இல்லை. வண்டி திரும்புகிற கொடி. நான்கு மைல் தொலைவில் சாலையில் கொடி நட்டிருப்பார்கள். முதல் வண்டி வருவதற்கு முன்பே சலங்கைச் சத்தம் வந்துவிடும். பின்னால் இருப்பவர் குதித்து இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் சுற்றிவிட்டு, ஓடுகிற வண்டியிலேயே தாவி ஏறுவார். பந்தயத்தில் பாதி அந்த ஒரு திருப்பத்தில் முடிவாகிவிடும். பழைய கிரேக்கர்களின் ஓட்டமும் இதே மாதிரிதான். கி.மு. 776இல் ஒலிம்பியாவில் இருந்த ஒரே பந்தயம் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுவது. பிற்பாடு, மறுமுனையில் நட்ட கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும் ஓட்டமும் சேர்ந்தது. போய்வர என்று நீங்கள் போடுகிற அதே கணக்கு.

அந்தக் கிரேக்க மைதானம் 600 அடி நீளம். ஆனால் எந்த ஊர் அடி? ஒலிம்பியாவில் 600 அடி என்பது 192.27 மீட்டர். டெல்ஃபியில் அதே 600 அடி ஏறக்குறைய 177 மீட்டர்தான். நம் கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கீறி வைத்திருப்பார்களே, ஊருக்கு ஊர் கோல் வேறுபடுமே, அந்த மாதிரி. அதனால் கிரேக்கர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏனென்றால் பக்கத்தில் ஓடுகிறவனை முந்தினால் போதும். யார் எத்தனை விநாடியில் ஓடினார் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை.

உங்கள் பந்தயமும் அப்படியே. கூட ஓடும் வண்டியை முந்துவதுதான் வெற்றி. எல்லா வண்டிக்கும் கொடி ஒன்றே, அதனால் நியாயமும் ஒன்றே. மைலா கிலோமீட்டரா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. புதுவயல் மாணவியின் ஓட்டம் வேறு. அவள் காரைக்குடியில் ஓடிய நேரத்தைத் திருநெல்வேலியில் போன மாதம் ஓடிய பெண்ணின் நேரத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். நிறுத்துகடிகாரம் வந்த பிறகுதான் தூரம் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் வந்தது. நிலையான தூரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன். பார்த்தறியாத இரண்டு பேர் ஒருவரோடொருவர் ஓட முடிவது அதனால்தான்.

நோட்டீஸை மாற்றாதீர்கள் தம்பி. பூவை முழத்திலும், வீட்டுமனையை சென்டிலும், ஆத்தங்குடிக் கல்லை அங்குலத்திலும் வாங்குகிற நமக்கு மாட்டை மட்டும் கிலோமீட்டரில் ஓட்ட வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

கேள்வி: என் மகள் 400 மீட்டர் ஓட்டத்தில் ஆறாவது பாதையில் ஓடினாள். அவளை மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "உங்க பொண்ணுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அது சலுகையா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: இல்லை அம்மா. சலுகை இல்லை. உங்கள் மகளுக்குச் சேர வேண்டிய கணக்கு அது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது எனக்கு மிகவும் முக்கியமான விஷயம்.

ஒரு வட்டக் கிணற்றை ஒட்டிச் சுற்றி வாருங்கள். பிறகு எல்லா இடத்திலும் ஒரு அடி தள்ளி நின்று மறுபடி சுற்றி வாருங்கள். ஆறேகால் அடி கூடுதலாக நடந்திருப்பீர்கள். கிணறு சின்னதா பெரியதா என்பதெல்லாம் பேச்சே இல்லை. சின்னக் கிணறானாலும் ஆறேகால் அடி, பெரிய ஏரியளவு வட்டமானாலும் அதே ஆறேகால் அடி. ஒரு ஓட்டப்பாதையின் அகலம் 1.22 மீட்டர். இதுவும் பழைய நான்கு அடிதான். ஒவ்வொரு பாதை வெளியே தள்ளும்போதும் முழுச் சுற்றுக்கு 7 மீட்டர் 67 சென்டிமீட்டர் கூடும். அந்தக் கூடுதலை ஓடவிடக் கூடாது என்றுதான் வெளிப்பாதைப் பிள்ளையை முன்னால் நிறுத்துகிறார்கள். பெரிய மைதானத்தில் முதல் பாதைக்கு உள்விளிம்பில் கட்டை பதித்திருப்பதால் அந்த ஒரு பாதையை மட்டும் 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்றவற்றை 20 சென்டிமீட்டர் தள்ளி. அதனால் இரண்டாம் பாதைக்கு 7.04 மீட்டர், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 7.67 சேர்த்துக்கொண்டு போக வேண்டும். உங்கள் மகள் நின்ற ஆறாவது பாதைக்கு 37 மீட்டர் 70 சென்டிமீட்டர் வரும். எட்டாவது பாதை என்றால் 53 மீட்டர். பார்ப்பவர் கண்ணுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். நாடா வைத்துப் பார்த்தால் எட்டுப் பேரும் ஓடுவது சரியாக 400.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்று நான் ஒருமுறை பார்த்தேன்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளி மைதானத்தில் போட்டி. 200 மீட்டர் சுற்று, சுண்ணாம்புக் கோடுதான், கட்டை கிடையாது. என் மாணவி ஒருத்திக்கு 200 மீட்டர் ஓட்டம், ஐந்தாவது பாதை. மெலிந்த பிள்ளை, செருப்பில்லாமல்தான் ஓடுவாள், எங்கள் சரளை மண்ணில் ஓடி ஓடிப் பாதம் தோல் பட்டை மாதிரி இறுகியிருக்கும். முதல் பாதைப் பெண்ணோடு கடைசி வரை ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கை நீளத்தில் இரண்டாவதாக வந்தாள். எனக்கு அவளை முன்னால் நிறுத்திய இடம் காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போனதும் என் இரும்பு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். பாதைக்கு 7 மீட்டர் என்று தோராயமாகப் போட்டிருந்தார்கள். நான்கு ஏழு இருபத்தெட்டு. அங்கே இருக்க வேண்டியது 30 மீட்டர் 66 சென்டிமீட்டர். அந்தப் பிள்ளை இரண்டரை மீட்டருக்கும் மேலே கூடுதலாக ஓடியிருக்கிறாள். அவள் வேகத்துக்கு அது ஏறக்குறைய 0.4 விநாடி. ஒரு கை நீளத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

நான் போய்ச் சொன்னேன். "முடிவு எழுதியாச்சு டீச்சர்" என்றார்கள். எழுதிக் கொடுக்க வேண்டிய முறையீட்டுக்கு நேரம் கடந்திருந்தது. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்துவிட்டு, கடைசியில் சொல்லிவிட்டேன். "போகட்டும் டீச்சர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு எந்தப் போட்டிக்குப் போனாலும் முதல் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஒவ்வொரு பாதையையும் நானே அளந்து பார்த்தேன். சிலருக்குக் கோபம் வந்தது. வரட்டும். வீட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு விடிகாலையில் ஓடிப் பழகிய பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடியது சரியான தூரம் ஒன்றுதான்.

அந்த அம்மா மறுபடி கேட்டால் வட்டக் கிணற்றைச் சொல்லுங்கள்.

கேள்வி: மாரத்தான் ஏன் 42.195 கிலோமீட்டர் என்று உடைந்த எண்ணாக இருக்கிறது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: 1896இல் ஏதென்ஸில் முதன்முதலாக ஓடியபோது அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிய தூதுவனின் கதையை வைத்து, மிஷேல் ப்ரெயால் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன யோசனை. ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர். ஊரிலிருந்து ஊருக்கு ஓடும் ஓட்டம் என்பதால் சரியான தூரம் என்று ஒன்றே அப்போது இல்லை. 1912இல் 40.2, 1920இல் 42.75 என்று ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஒவ்வொரு அளவு.

நீங்கள் கேட்கும் எண் 1908இல் லண்டனில் வந்தது. வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கம் வரை 26 மைல், உள்ளே அரச குடும்பத்தார் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே முடிய இன்னும் 385 கெஜம். கூட்டிப் பார்த்தால் 42.195 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் டொராண்டோ பியெத்ரி என்ற இத்தாலியர் முதலில் அரங்கத்துக்குள் வந்து, களைப்பில் திசை தெரியாமல் திரும்பி, விழுந்து எழுந்து மறுபடி விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள். உதவி வாங்கியதால் அவர் வெற்றி செல்லாது என்று ஆகி, அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் போனது. அவர் விழுந்து விழுந்து கடந்தது அந்த 385 கெஜத்தைத்தான். 1921இல் உலகத் தடகள அமைப்பு அந்த அளவையே நிலையாக வைத்துவிட்டது.

தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தாரிடம் போய் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு எந்த ஊரில் தங்கல் என்றுதான் பதில் வரும். ஊரிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கணக்கு. மாரத்தானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

கேள்வி: பெண்களும் ஆண்களும் இப்போது ஒரே தூரங்களைத்தானே ஓடுகிறார்கள்? எப்போதும் அப்படித்தானா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இல்லவே இல்லை. 1928இல்தான் ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களை விட்டார்கள். அந்த வருடம் 800 மீட்டரும் இருந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயித்தார். ஓடி முடித்த சிலர் களைத்துப்போய்த் தரையில் சாய்ந்ததைப் பெரிதாக்கி, பெண் உடம்பு இதைத் தாங்காது என்று எழுதினார்கள். அதன் பிறகு 32 வருடம் 800 மீட்டர் பெண்களுக்கு இல்லை. 1960இல் ரோமில்தான் திரும்பி வந்தது. 1500 வந்தது 1972இல். மாரத்தான் 1984இல். 10,000 மீட்டர் 1988இல். 5000 மீட்டர் 1996இல். பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டாரே 400 மீட்டர் தடை ஓட்டத்தில், அந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடைத்ததே அந்த 1984இல்தான்.

நான் பள்ளியில் ஓடிய காலத்தில் எங்களுக்கு 800 மீட்டரோடு பந்தயப் பட்டியல் முடிந்துவிடும். அதற்கு மேல் பையன்களுக்கு. நான் 1500 ஓடக்கூடியவள் என்று எனக்குத் தெரியும். தினமும் அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர்க் குடத்தோடு ஊருணிக்கு நடந்தவள். ஓட விடவில்லை. எண்களுக்குள் இதுவும் இருக்கிறது கண்ணு, கெஜமும் மீட்டரும் மட்டும் இல்லை.

கேள்வி: 110 மீட்டர் தடை ஓட்டத்தில் அந்தப் 10 எங்கிருந்து வந்தது? ஏன் 100 இல்லை?
– உடற்கல்வி மாணவர், காரைக்குடி

பதில்: 120 கெஜம். அது 109.73 மீட்டர், 110 ஆக்கிவிட்டார்கள். தடைகளுக்கு நடுவே 9.14 மீட்டர் என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அது 10 கெஜம். தொடக்கத்திலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர், அது 15 கெஜம். தடையின் உயரம் 1.067 மீட்டர், மூன்றரை அடி. கெஜத்தில் படித்தால் பரீட்சைக்கு ஒரு நிமிடத்தில் பாடமாகிவிடும்.

கேள்வி: எங்கள் கிராமத்துப் பள்ளி மைதானம் சின்னது. 400 மீட்டர் பாதை போட இடமில்லை. 200 மீட்டர் பாதையைச் சரியாக எப்படிப் போடுவது? போன வருடம் போட்டதில் ஒரு சுற்று எவ்வளவு என்று எங்களுக்கே சந்தேகம்.
– ஆசிரியர், கானாடுகாத்தான் பக்கம்

பதில்: ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஏறக்குறைய 95 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் இருந்தால் ஆறு பாதை போடலாம். இரண்டு பக்கமும் நேர்பாதை 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 120 மீட்டர் இரண்டு வளைவுக்கும் சேர்த்து. ஓடுகிறவரின் கால் போகும் வட்டத்தின் ஆரம் 19.10 மீட்டர் வரும். வெறும் சுண்ணாம்புக் கோடு என்பதால் அதில் 20 சென்டிமீட்டர் கழித்து 18.90 மீட்டரில் உள்கோடு போடுங்கள். நேர்பாதைகளின் இரண்டு முனைப் பக்கத்திலும், இரண்டு நேர்பாதைக்கும் சரி நடுவில் ஒரு முளை. அந்த முளையில்தான் வளைவுக்குக் கம்பியைக் கட்டிச் சுற்ற வேண்டும். முளை அடித்ததும் குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள், நேர்பாதைகளின் நான்கு முனைகளும் சேர்ந்த பெட்டியின் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் பாதை கோணிவிட்டது என்று பொருள், பிடுங்கி மறுபடி அடியுங்கள்.

தேங்காய் நார்க் கயிறு வேண்டவே வேண்டாம். பனியில் நனைந்தால் ஒரு நீளம், வெயிலில் காய்ந்தால் ஒரு நீளம், இழுக்கிறவர் பலத்துக்கு ஒரு நீளம். நான் முதல் இரண்டு வருடம் கயிற்றில் போட்டுவிட்டு, பிறகு கட்டுக்கம்பிக்கு மாறினேன். கம்பியின் நுனியில் ஒரு ஆணியைக் கட்டி மண்ணில் முதலில் கீறல் போடுங்கள், சுண்ணாம்புத் தூளை அந்தக் கீறல் மேல் பிறகு தூவலாம். நேரே தூவினால் கை ஆட ஆடக் கோடும் ஆடும். நம் செம்மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், ஒரு மழை பெய்தால் போய்விடும். அதனால் முளை அடித்த இரண்டு இடத்திலும் தரைக்குக் கீழே இறங்கும்படி ஒரு இரும்புத் துண்டை அடித்துப் புதைத்துவிடுங்கள். அடுத்த வருடம் மண்ணை விலக்கினால் மையம் அங்கேயே இருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஒரு சுற்று ஓட்டத்துக்குப் பாதைக்கு 7.67 மீட்டர். 7 என்று முழு எண்ணாக்கிவிடாதீர்கள்.

நாடா இல்லை என்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். என் 50 மீட்டர் இரும்பு நாடா இன்னும் நன்றாக இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு ஒருமுறை உருவிவிட்டுச் சுருட்டுங்கள். பிறகு அடுத்த பள்ளிக்கு அனுப்பலாம்.